625 கேட்கவில்லை: பழகிப்போனது உடம்பா, கிருமியா?

ஜூன் 2, காலை. திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரையும் உண்டு. நீர்க்கடுப்பு என்று 625 என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை ஐந்து நாள் போட்டும் கேட்கவில்லை. மருந்துக்கடையில் பவர் கூட்டி செஃபிக்சிம் 200 கொடுத்தார்கள், இரண்டு நாள் தேவலை, மறுபடியும் எரிச்சல். அடிக்கடி மருந்து எடுத்ததில் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, இனி ஊசிதான் என்கிறார் கடைக்காரர். உடம்பு இப்படிப் பழகாமல் இருக்க வழி உண்டா?

ஜூன் 2, இரவு

தம்பி, அம்மாவின் உடம்பு எதற்கும் பழகவில்லை. மாத்திரை போய்ச் சேரவேண்டிய இடம் சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமி, அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்தான் உடம்பின் வேலை, அதை உடம்பு ஒழுங்காகத்தான் செய்கிறது. மருந்து கிருமியை எட்டுகிறது. எட்டிய இடத்தில் கிருமி அதை உடைத்துப் போட்டுவிடுகிறது. உடைப்பது ஒரு நொதி (என்சைம்), பீட்டா லாக்டமேஸ் என்று பெயர். மதுரையில் ஒரு ஆய்வகத்தில் கல்ச்சர் பார்க்கும் வேலை எனக்கு, அதாவது மாதிரியில் உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று பார்ப்பது. காலையில் இன்குபேட்டரிலிருந்து தட்டுகளை எடுத்தால் இந்த நொதி செய்துவைத்திருக்கும் வேலைதான் முதலில் கண்ணில் படும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று: யூரின் கல்ச்சர் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் அடுத்த மாத்திரைக்கு முன்னால் கொடுங்கள். மாத்திரை உள்ளே இருக்கும்போது கொடுத்தால் தட்டில் ஒன்றுமே வளராமல் போகலாம், ரிப்போர்ட்டில் 'வளர்ச்சி இல்லை' என்று வரும், நோய் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். இப்படி வந்துபோகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன், பத்து நாள் கழித்துக் குளிர் காய்ச்சலோடு திரும்பி வருவார்கள்.

ஜூன் 3, இரவு

நொதி என்னதான் செய்கிறது என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன்.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு, பெப்டிடோகிளைக்கான். சர்க்கரைச் சங்கிலிகளும் அவற்றைக் குறுக்கே பிணைக்கும் குட்டிப் புரதத் துண்டுகளும் சேர்ந்தது. நம் செல்களுக்கு இந்தச் சுவர் கிடையாது, பென்சிலின் நம்மைவிட்டுவிட்டுக் கிருமியை மட்டும் கொல்வது அதனால்தான் (625-இல் இருக்கும் அமாக்சிசிலினும் பென்சிலின் குடும்பம்தான்). குறுக்குப் பிணைப்பைப் போடுவது கிருமியின் ஒரு நொதி. பிணைக்க வேண்டிய துண்டின் நுனியில் டி-அலனின், டி-அலனின் என்று இரண்டு அமினோ அமிலம் இருக்கும், பென்சிலின் கிட்டத்தட்ட அதே உருவத்தில் இருக்கிறது. டிப்பரும் ஸ்ட்ரோமிங்கரும் 1965-லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். சுவர் கட்டும் நொதி பென்சிலினைத் தன் வேலைக்கான துண்டு என்று நினைத்துப் பிடிக்கும். அதன் நடுவில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம் மருந்தின் வளையத்தைத் தாக்கி உடைத்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது மணிக்கணக்கில் விடாது. சுவர் வேலை நின்றுபோகும், வளர்ந்துகொண்டிருக்கும் கிருமி உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கும்.

பென்சிலினுக்கு உயிர் அந்த வளையத்தில்தான், பீட்டா லாக்டம் வளையம் என்று பெயர், செஃபிக்சிமிலும் அது உண்டு. மூன்று கார்பன், ஒரு நைட்ரஜன், நான்கே மூலைகள். இந்த அணுக்கள் இயல்பாக 109, 120 பாகைக் கோணத்தில் இருக்க விரும்புபவை, இங்கே கிட்டத்தட்ட 90-இல் மடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வளைத்துக் கட்டிய மூங்கில் பிளாச்சு போல, கட்டைத் தொட்டால் போதும், விரியும். மருந்து வேலை செய்வது அந்த விரிப்பினால்தான், கிருமி மருந்தை ஒழிப்பதும் அதே விரிப்பினால்தான்.

பீட்டா லாக்டமேஸும் அதே மாதிரி ஒரு செரினால்தான் வளையத்தைத் தாக்குகிறது, மருந்தும் அதேபோல ஒட்டிக்கொள்கிறது. இதுவரைக்கும் இரண்டு நொதிக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் அடுத்த கணத்தில். செரினுக்குப் பக்கத்தில், சரியான இடத்தில், ஒரு நீர் மூலக்கூறு தயாராக நிற்கிறது. இந்த நொதிகளை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள், ஏ வகுப்பு நொதிகளில் 166-ஆம் இடத்தில் இருக்கும் குளூட்டமிக் அமிலம் அந்த நீரைப் பிடித்து முடுக்கிவிடுகிறது. நீர் பாய்ந்து ஒட்டியதை வெட்டிவிடும். வளையம் திறந்த பென்சிலின் வெளியே விழும், இனி அது எதற்கும் உதவாது. நொதியோ புத்தம் புதிதாக அடுத்ததைப் பிடிக்கத் தயார். டெம்-1 என்ற நொதி நொடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பென்சிலின் மூலக்கூறுகளை இப்படி உடைக்கும்.

இப்போது 'பவர் கூட்டுவது' என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

ஜூன் 3, கொஞ்சம் கழித்து

இந்த நொதி எப்போது கண்டுபிடிக்கப்பட்டது தெரியுமா? ஆபிரகாமும் செயினும் ஆக்ஸ்ஃபோர்டில் 1940-இல் எழுதிவிட்டார்கள், பென்சிலினை அழிக்கும் நொதி பாக்டீரியாவில் இருக்கிறது என்று. அங்கே முதல் நோயாளிக்குப் பென்சிலின் ஊசி போட்டதே 1941 பிப்ரவரியில்தான். ஆஸ்பத்திரிக்கு மருந்து போகும் முன்பே அதை உடைக்கும் கை இருந்தது. அதற்கும் முந்திய கதை: கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் பீட்டா லாக்டமேஸ் மரபணுக்கள் இருந்தன என்று 2011-இல் வந்தது. மண்ணில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று விரட்ட இந்த ரசாயனங்களை நாம் பிறக்கும் முன்பிருந்தே வீசிக்கொண்டிருக்கின்றன. நாம் அதில் ஒரு பக்கத்து ஆயுதத்தை மட்டும் டன் கணக்கில் தயாரித்து எல்லா இடத்திலும் இறைத்தோம்.

ஜூன் 5, மாலை

திருமங்கலம் தம்பி மறுபடி கேட்டிருக்கிறார்: 625-இல்தான் அந்த நொதியை அடக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறதாமே, அப்புறம் ஏன் கேட்கவில்லை? நல்ல கேள்வி, டாக்டர்களே சில சமயம் எங்களைக் கூப்பிட்டுக் கேட்பது.

500 மில்லிகிராம் அமாக்சிசிலின், 125 கிளாவுலானிக் அமிலம், கூட்டினால் 625. கிளாவுலானிக் அமிலத்தைக் கொடுப்பது ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் என்ற மண் பாக்டீரியா. தானாக அது கிருமியைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் பார்வைக்குப் பென்சிலின் மாதிரியே இருப்பதால் நொதி இதைப் பிடிக்கும், செரினோடு ஒட்டும், ஒட்டிய பிறகு கிளாவுலானிக் அமிலம் உள்ளுக்குள்ளேயே தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும், நீர் வந்தாலும் வெட்ட முடியாது. நொதி அதோடு முடிந்தது. அமாக்சிசிலின் தப்பித்துப் போய்ச் சுவரைப் பிடிக்கும். 1981-இல் இந்தச் சேர்மானம் விற்பனைக்கு வந்தபோது பிரச்சினை முடிந்த மாதிரிதான் தோன்றியிருக்கும்.

நம் ஊர்த் தட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இஎஸ்பிஎல் என்று ரிப்போர்ட்டில் எழுதும் வகை, செஃபோடாக்சிம், செஃப்ட்ரியாக்சோன், செஃபிக்சிம் எல்லாவற்றையும் உடைக்கும் நொதிகள். இந்தியாவில் இதற்குப் பெரும்பாலும் காரணம் சிடிஎக்ஸ்-எம்-15. 1999-இல் டெல்லியில் எடுத்த கிருமிகளில் இருந்ததை 2001-இல் எழுதினார்கள், இன்றைக்கு உலகம் முழுவதும் அதுதான். இதைக் கிளாவுலானிக் அமிலம் நன்றாகவே அடக்கும். தட்டிலேயே பார்க்கலாம், செஃப்டாசிடிம் மருந்து ஏற்றிய காகித வட்டு ஒன்று, அதோடு கிளாவுலானிக் சேர்த்த வட்டு ஒன்று, இரண்டாவதைச் சுற்றியுள்ள வெற்றிடம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் இஎஸ்பிஎல் உறுதி. அப்படியானால் 625 கேட்கத்தானே வேண்டும்?

சிடிஎக்ஸ்-எம்-15 பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அதன் மரபணு இருக்கும் பிளாஸ்மிட்டில் (கிருமிக்குக் கிருமி கைமாறும் சின்ன டிஎன்ஏ வளையம்) பல சமயம் ஆக்சா-1 என்று இன்னொரு பீட்டா லாக்டமேஸும் சேர்ந்தே வருகிறது. ஆக்சா-1 டி வகுப்பு, கிளாவுலானிக் அமிலம் அதனிடம் அவ்வளவாகச் செல்லாது. நீங்கள் ஒன்றைக் கட்டிப்போட்டால் மற்றது அமாக்சிசிலினை உடைத்துக்கொண்டிருக்கும். அதோடு டெம்-1-ஐ ஒரு கிருமி அளவுக்கு மீறித் தயாரித்தாலும் 125 மில்லிகிராம் போதாது. செஃபிக்சிமுக்கு மாறியது பவர் கூட்டியதே இல்லை தம்பி, சிடிஎக்ஸ்-எம்-15-க்கு அது நேரடியான தீனி. இரண்டு நாள் தேவலை என்றது நிறையத் தண்ணீர் குடித்ததாலும் இருக்கலாம்.

ஜூன் 6, இரவு

இது கொஞ்சம் விலகிப்போகும், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

டெம்-1 என்று மேலே சொன்னேனே, அது ஏதென்ஸில் ஒரு நோயாளியிடம் எடுத்த இ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் இருந்ததை 1965-இல் எழுதினார்கள், அந்த நோயாளியின் பெயரின் முதல் எழுத்துகளையே வைத்துவிட்டார்கள். நான் காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி படித்தபோது எங்கள் கையில் தினமும் புழங்கியதும் இதே மரபணுதான். பிபிஆர்322 போன்ற பிளாஸ்மிட்டுகளில் ஆம்பிசிலின் அடையாளம் என்று ஒரு மரபணு இருக்கும், பிளாஸ்மிட் ஏறிய கிருமி மட்டும் ஆம்பிசிலின் தட்டில் வளரும். மறுநாள் காலை அழகான வட்டக் காலனிகள் இருக்கும். அவசரமாக வீட்டுக்குப் போய்விட்டுக் கூடுதலாக ஒரு நாள் இன்குபேட்டரில் விட்டுவிட்டால், பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக இன்னும் பல காலனிகள் முளைத்திருக்கும். சாட்டிலைட் காலனி என்போம். அந்தப் பொடிகளில் பிளாஸ்மிட் கிடையாது, நொதியும் கிடையாது. நடுவில் இருப்பதிலிருந்து கசிந்த நொதி சுற்றிலும் இருக்கும் ஆம்பிசிலினை உடைத்துத் தீர்த்துவிட்டது, மருந்து இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் வளரலாம்.

அப்போது அதை எரிச்சலோடு பார்த்தேன், எடுக்க வேண்டிய காலனி எது என்று குழப்பம் வரும் என்பதால். இப்போது ஒவ்வொரு புண் மாதிரியிலும் அதுதான் நினைவுக்கு வருகிறது. கால் புண்ணில் நான்கு வகைக் கிருமி இருந்தால், ஒன்றிடம் நொதி இருந்தாலே மற்ற மூன்றுக்கும் காவல். கிருமிக்கூட்டம் அடர்த்தியாக இருந்தால் நொதியும் அடர்த்தி, அதே மருந்து அதே அளவில் கொஞ்சக் கிருமியைக் கொல்லும், நிறையக் கிருமியைக் கொல்லாது. சீழ்க்கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்று என்று அறுவை மருத்துவர்கள் அடம்பிடிப்பதில் இந்த வேதியியலும் இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

"கிருமி புத்திசாலித்தனமாக யோசித்து மாறுகிறதா" என்று ஒருவர். இல்லை. யோசிக்க அதனிடம் ஒன்றுமில்லை. ஆனால் பாதை எப்படிப் போகிறது என்பதை மனிதர்கள் அளந்தே வைத்திருக்கிறார்கள், படித்த நாள் முதல் என்னைவிட்டுப் போகாத ஒரு வேலை இது.

டெம்-1 செஃபோடாக்சிமை ஏறக்குறையத் தொடாது. டிஎன்ஏவில் ஐந்தே ஐந்து எழுத்து மாற்றம், அதில் நான்கு மாற்றம் நொதியின் அமினோ அமிலங்களை மாற்றுபவை, ஒன்று மரபணுவுக்கு முன்னால் உள்ள பகுதியில், ஐந்தும் சேர்ந்துவிட்டால் எதிர்ப்பு ஒரு லட்சம் மடங்கு ஏறுகிறது. ஐந்து மாற்றத்தை எந்த வரிசையில் சேர்க்கலாம்? 120 வரிசை. வைன்ரைக்கும் கூட்டாளிகளும் 2006-இல் எல்லா இடைநிலைகளையும் செய்து பார்த்தார்கள். ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பு கூடிக்கொண்டே போனால்தான் கிருமி அந்தப் படியில் பிழைக்கும் என்று வைத்தால், 120-இல் 18 வரிசைதான் தேறின. மற்றவை நடுவில் எங்கோ அடைபட்டுவிடுகின்றன.

ஏன் அடைபடுகின்றன என்பதில்தான் சுவாரசியம். 238-ஆம் இடத்தில் கிளைசின் போய்ச் செரின் வந்தால் நொதியின் வாய் அகலமாகிறது, பெரிய உருவமுள்ள செஃபோடாக்சிம் உள்ளே வரும். ஆனால் நொதியின் உறுதி குலைகிறது, சரியாக மடியாமல் வீணாகிறது. 182-ஆம் இடத்தில் மெத்தியோனின் போய்த் திரியோனின் வந்தால் உறுதி திரும்பும். அந்த 182 மட்டும் தனியாக முதலில் வந்தால் லாபம் ஒன்றுமில்லை, 238 வந்த பிறகு வந்தால்தான் பலன். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒவ்வொரு படியையும் ஏறவைப்பது அந்தப் படியைக் கொல்லப் போதாத அளவு மருந்து. ஆளுக்கு இரண்டு மாத்திரை, மீதியை அடுத்த தடவைக்கு என்று எடுத்து வைப்பது, ஒரு வேளைக்கு ஒரு செட் வாங்குவது, எல்லாம் அந்த இடைப்படிகளுக்கு இடம் கொடுக்கிற வேலை.

ஜூன் 9, காலை

சுருக்கமாக ஒரு விளக்கம், மேலே படித்துவிட்டு 'எல்லா எதிர்ப்பும் மருந்தை உடைக்கும் நொதிதான்' என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இல்லை. எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி மருந்தை உடைத்துத் தப்பிப்பதில்லை, சுவர் கட்டும் நொதியிலேயே மருந்து ஒட்டாத ஒரு வகையை வைத்திருக்கிறது. சில கிருமிகள் மருந்தை உள்ளே வந்ததும் பம்ப் செய்து வெளியே தள்ளும். ஜென்டாமைசின், அமிக்காசின் வகையில் நொதி உடைக்காது, மருந்தின் மேல் ஒரு அசெட்டைல் குழுவையோ பாஸ்பேட்டையோ ஒட்டிவிடும், ஒட்டிய மருந்து, கிருமி புரதம் செய்யும் இடமான ரைபோசோமில் போய்ப் பொருந்தாது.

இதில் ஒன்று என்னைத் தூங்கவிடாதது. சிப்ரோஃப்ளாக்சசின் முழுக்க மனிதர்கள் செய்த மருந்து, இயற்கையில் அப்படி ஒரு பொருளே இல்லை, அதனால் அதற்கு எதிரான நொதி வராது என்ற நம்பிக்கை இருந்தது. 2006-இல் எழுதினார்கள், அமிக்காசின் வகைக்கு அசெட்டைல் ஒட்டும் ஒரு பழைய நொதியில் இரண்டே அமினோ அமிலம் மாறி, சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் அதை ஒட்டுகிறது என்று. சிடிஎக்ஸ்-எம்-15, ஆக்சா-1 வருகிற அதே பிளாஸ்மிட்டில் இதுவும் பல சமயம் ஏறி வருகிறது. நீர்க்கடுப்புக்கு இந்த மாத்திரைகளில் எதைக் கொடுத்தாலும் மற்றவற்றுக்கும் எதிர்ப்பு சேர்ந்தே தேர்வாவது இப்படித்தான்.

ஜூன் 12, இரவு

கடைக்காரரைத் திட்டி இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நானும் முதல் நாள் படித்தபோது கோபப்பட்டேன். மூன்று நாளாக யோசித்ததில் கோபம் வேறு பக்கம் திரும்புகிறது.

அட்டவணை எச்1 என்று ஒன்று 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. செஃபோடாக்சிம் மாதிரியான மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும், மெரோபெனம் மாதிரியான கார்பபெனம்களும் அதில் உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது, விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். செஃபிக்சிமும் அதில் சேர்ந்ததுதான். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் மீறித்தான் விற்கிறார்கள், சரி, தப்புதான்.

ஆனால் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பெரியாஸ்பத்திரிக்கு வந்தால் பஸ், சீட்டு வரிசை, பரிசோதனை, மறுநாள் ரிப்போர்ட் வாங்க இன்னொரு நடை. நூறு நாள் வேலையோ களையெடுப்போ அன்றைக்குப் போச்சு, கூடவரும் மகனின் கூலியும் போச்சு. கடையில் நாற்பது ரூபாயில் மூன்று வேளைக்கு முடிந்துவிடுகிறது. எங்களிடம் கல்ச்சர் கொடுக்க வந்துவிட்டு விலையைக் கேட்டுத் திரும்பிப் போகிறவர்களை நானே பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்ச்சர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, மாதிரி மட்டும் பயணம் செய்து, ரிப்போர்ட் போனுக்கு வந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கடைக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதைவிட இதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஊசியும் கேட்காது என்று சொல்கிறார்களே, அது எது என்று கேட்டவருக்கு.

இஎஸ்பிஎல் வந்தால் ஆஸ்பத்திரிகளில் போடுவது மெரோபெனம். கார்பபெனம் வகையைப் பெரும்பாலான செரின் நொதிகளால் சட்டென்று உடைக்க முடியாது. அதையும் உடைப்பவை கார்பபெனமேஸ்கள். நம் நாட்டோடு பெயர் சேர்ந்துபோனது என்டிஎம்-1. டெல்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு 2008-இல் ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் எடுத்த கிளெப்சியெல்லா என்ற கிருமியில் கண்டார்கள், அவர் குடலில் இருந்த இ.கோலையிலும் அதே மரபணு இருந்தது. ஒரே மனிதருக்குள் ஒரு கிருமி வகையிலிருந்து இன்னொன்றுக்கு மரபணு நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

என்டிஎம்-1 பரவியதைப் பற்றி 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து. அந்த நொதியுள்ள கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 என்று எண்களோடு வந்தது. நம் நாட்டில் எழுந்த சத்தம் பெரும்பாலும் தலைநகரின் பெயரை நொதிக்கு வைத்துவிட்டார்கள் என்பதைப் பற்றியே. நான் அந்தச் சத்தத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன், அவ்வளவு ஆத்திரத்தில் கொஞ்சம் சாக்கடை நீர்ப் பக்கம் போயிருக்கலாம். அடுத்த ஆண்டே டெல்லியில் தெருவில் தேங்கிய நீரும் குழாய் நீரும் எடுத்துப் பார்த்தபோது, தேங்கிய நீரில் 171-இல் 51, குடிநீரில் 50-இல் 2 மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. 2012-இல் சென்னையில் தொற்றுநோய் மருத்துவர்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்று ஒரு வழிவரைபடத்தைப் போட்டார்கள், அது நல்ல வேலை.

வேதியியலுக்கு வருகிறேன். என்டிஎம் பி வகுப்பு. இதில் செரின் கிடையாது. இரண்டு துத்தநாக அயனிகள், நடுவில் ஒரு ஹைட்ராக்சைடு. வளையத்தை அந்த ஹைட்ராக்சைடே நேராகத் தாக்குகிறது, மருந்து நொதியோடு ஒட்டும் கட்டமே இல்லை. கிளாவுலானிக் அமிலத்தின் தந்திரமெல்லாம் செரினோடு ஒட்டுவதில் இருப்பதால் இங்கே அதற்குப் பிடிமானம் இல்லை. ஆய்வகத்தில் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற ரசாயனத்தைப் போட்டுத் துத்தநாகத்தைப் பிடுங்கினால் நொதி நின்றுவிடும், ஆனால் அதை நோயாளியின் ரத்தத்தில் செய்ய முடியாது, நம் உடம்பிலும் துத்தநாகம் வேண்டிய நொதிகள் ஏகப்பட்டது. நோய் வந்த உடம்பு தானாகவே கிருமிக்குத் துத்தநாகம் கிடைக்காமல் பதுக்கும். என்டிஎம் அதையும் சமாளிக்கிறது, கிருமியின் வெளிச்சவ்வில் கொழுப்பு நங்கூரத்தால் கட்டப்பட்டிருப்பதால் துத்தநாகம் குறைந்தாலும் அது சிதையாமல் நிற்கிறது.

ஜூன் 16, காலை

நேற்று எழுதியதைப் படித்து 'இனி ஒன்றுமில்லையா' என்று பயந்து இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இருக்கிறது. அஸ்ட்ரியோனாம் என்ற பழைய மருந்தை என்டிஎம்-ஆல் உடைக்க முடியாது. அதை உடைப்பது கூடவே வரும் சிடிஎக்ஸ்-எம் வகை செரின் நொதிகள். அவற்றை அடக்க அவிபாக்டம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்டிஎம் கிருமியும் பல சமயம் அடங்கும், இதற்கான ஒற்றைச் சேர்மானம் 2024-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அவிபாக்டம் ஒரு பீட்டா லாக்டம் கிடையாது, நொதியோடு ஒட்டும், பிரிந்தால் உடையாமல் முழுதாகப் பிரிந்து இன்னொரு நொதியைப் பிடிக்கும். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். இஎஸ்பிஎல் நொதியை அடக்கும் என்மெட்டாசோபாக்டம், சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. செஃபிபிம் என்ற செஃபலோஸ்போரினோடு சேர்த்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. இது என்டிஎம்மை அடக்காது, ஆனால் இஎஸ்பிஎல்லுக்கு எல்லாம் மெரோபெனத்தையே எடுப்பதை நிறுத்த உதவும். தமிழ்நாட்டு மண்ணில் ஒரு மூலக்கூறு பிறந்து இவ்வளவு தூரம் போனதை நம் செய்தித்தாள்கள் இன்னும் நாலு நாள் கொண்டாடியிருக்கலாம்.

ஜூன் 19, இரவு

உசிலம்பட்டி அண்ணன் மாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எங்கள் மாமா வீடும் அந்தப் பக்கம்தான், மடிநோய் வந்தால் காம்பில் ட்யூப் ஏற்றுவதும் ஊசி போடுவதும் சின்ன வயதிலிருந்து பார்த்தது. அண்ணே, மடிநோய்க்கு ஒரு முக்கியக் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அந்தக் கிருமிகளில் பல, பென்சிலினை உடைக்கும் பென்சிலினேஸ் நொதியை வைத்திருப்பவை, சுவருக்கு வெளியே தாராளமாக நொதியை விடுபவை. அதனால் பென்சிலின் ட்யூப் பலிக்காத மாட்டுக்கு இன்னொரு பென்சிலின் ட்யூப் ஏற்றிப் பயனில்லை, பாலைக் கல்ச்சர் கொடுக்கலாம், கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

மருந்து போட்ட மாட்டின் பாலை அட்டையில் சொன்ன நாள் வரைக்கும் ஊற்றக்கூடாது என்பது தெரியும்தானே. அந்தப் பாலுக்கு உறை ஊற்றிப் பாருங்கள், தயிர் ஒழுங்காக உறையாது. உறைமோரில் இருக்கும் கிருமிகளும் பாக்டீரியாதான், பாலில் இருக்கும் மருந்து அவற்றையும் கொன்றுவிடுகிறது. எங்கள் அத்தை இதை வைத்தே 'ஊசி போட்ட மாடு' என்று கண்டுபிடித்துவிடுவார்.

கோழிக்குக் கொலிஸ்டின் பற்றியும் கேட்டீர்கள். என்டிஎம் வந்த பிறகு மனிதர்களுக்குக் கடைசியாகக் கையில் இருந்த மருந்துகளில் அது ஒன்று. தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2015-இல் சீனாவில் எம்சிஆர்-1 என்ற நொதி பிளாஸ்மிட்டிலேயே ஏறிவிட்டதாக எழுதினார்கள், கிருமியின் வெளிச்சவ்வில் ஒரு பாஸ்போஎத்தனாலமைனை ஒட்டி அதன் எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிடும், நேர்மின்னூட்டமுள்ள கொலிஸ்டினுக்கு அங்கே ஒட்ட இடமில்லை. இந்தியா 2019 ஜூலையில் கோழி, மீன், கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டினைத் தடை செய்தது. தாமதம்தான், ஆனாலும் செய்தார்கள்.

ஜூன் 23, இரவு

திருமங்கலம் தம்பி அம்மாவின் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார், நன்றி. மாத்திரையை நிறுத்திச் சில நாள் விட்டு, டாக்டர் சொன்னபடி நடுச் சிறுநீர் பிடித்துக் கொடுத்தது ரொம்பச் சரி. இ.கோலை, மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல், இஎஸ்பிஎல் பாசிட்டிவ். ஆம்பிசிலின், அமாக்சிசிலின்-கிளாவுலானிக், செஃபோடாக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் நான்கும் ஆர், அதாவது கேட்காது. நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிக்காசின், மெரோபெனம் நான்கும் எஸ், அதாவது கேட்கும். நாம் பேசிக்கொண்டிருந்த கூட்டணி அப்படியே இருக்கிறது: 625, செஃபலோஸ்போரின், சிப்ரோ மூன்றும் சேர்ந்து போயிருக்கின்றன.

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்த்துவிட்டு டாக்டர் நைட்ரோஃபியூரன்டாயின் எழுதியிருக்கிறார். கடைக்காரர் இதைப் 'பழைய மாத்திரை, பவர் இல்லாதது' என்று சொன்னாராம். பழையதுதான், 1950-களிலிருந்து இருக்கிறது. ஆனால் இதில் நான்கு மூலை வளையமே கிடையாது, சிடிஎக்ஸ்-எம், ஆக்சா எதற்கும் இதில் வெட்ட ஒன்றுமில்லை. இதன் வேலை முறையே வேறு. மாத்திரையாக இருக்கும்போது இது பெரிய விஷமில்லை, கிருமிக்குள் இருக்கும் நைட்ரோரிடக்டேஸ் என்ற நொதிகள்தான் இதை மாற்றிக் கடுமையான பொருளாக்கி, அந்தப் பொருள் கிருமியின் டிஎன்ஏவையும் புரதங்களையும் சிதைக்கிறது. இங்கே கிருமி தப்பிக்க வேண்டுமென்றால் தன் நொதியை இழக்க வேண்டும், இரண்டு மரபணுக்கள் கெட வேண்டும், பிளாஸ்மிட்டில் எளிதாக வாங்கிக்கொள்ள முடிகிற சமாச்சாரம் இல்லை. இவ்வளவு ஆண்டு ஆகியும் நீர்க்கடுப்பில் இது பெரும்பாலும் எஸ் என்று வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இது ரத்தத்தில் அளவாக நிற்காது, சிறுநீரில்தான் சேரும், அதனால் சிறுநீர்ப்பைக்கு மட்டும்தான். குளிர் காய்ச்சலோ விலாப்பக்கம் வலியோ வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள். சொன்ன நாள் முழுக்கப் போடச் சொல்லுங்கள், சாப்பாட்டோடு போட்டால் குமட்டல் குறையும்.

அம்மாவிடமிருந்து பேரப்பிள்ளைக்கு வருமா என்று கேட்டீர்கள். இந்த இ.கோலை குடலில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடும், கழிவறை போய்வந்த கை வழியாக வீட்டில் மற்றவர்களுக்குப் போகவும் செய்யும், குடலில் இருப்பது மட்டும் நோயில்லை, அதற்கு மருந்தும் தேவையில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து உங்கள் போனிலும் அம்மா போனிலும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

ஜூன் 24, காலை

மாதிரி எப்படிக் கொண்டுவருவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: ஆய்வகத்தில் கொடுக்கும் மூடியுள்ள கப்பில்தான், வீட்டுப் பாட்டிலில் வேண்டாம். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். வாடிப்பட்டி, பேரையூர் மாதிரி தூரத்திலிருந்து வெயிலில் கொண்டுவந்தால் வழியிலேயே கிருமி பெருகி எண்ணிக்கை பொய்யாகிவிடும், அதற்குள் முடியாதென்றால் ஐஸ் பையில் வைத்துக் கொண்டுவாருங்கள், உறையவிடாமல்.